நீலகிரியில் கேம்பர் வேன்: உள்ளே ஈரம் தங்காமல் காப்பது எப்படி?

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கேம்பர் வேன் (உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதி செய்த வேன்) கட்டிக்கொண்டு முதன்முறையாக உதகைக்கு ஏறுகிறவர்கள் குளிருக்குத் தக்க ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறார்கள். ஈரத்துக்கு ஏற்பாடு செய்பவர்கள் குறைவு. முதல் இரவு கழிந்து விடியும்போது முன்கண்ணாடியில் நீர் வழிந்திருக்கும், கூரை ஓரத்தில் துளிகள் தொங்கும், மெத்தையின் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். மலை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டால், சில வாரங்களில் பிளைவுட் ஊதும், ரெக்சினுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், தகட்டில் துரு ஏறும், உள்ளே உறங்குபவர்களுக்கு மூக்கடைப்பும் இளைப்பும் வரும். பெருஞ்செலவு இல்லாமலே இவற்றைத் தவிர்க்கலாம். செய்ய வேண்டியவற்றைச் செய்யும் வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

ஈரத்தின் கணக்கு

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் 9.4 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி முழுவதும் அருகில் உள்ள மிகக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிந்துவிடும். வேனில் அந்தப் பரப்பு கண்ணாடி, தகடு, திருகாணித் தலை, மெத்தைக்கு அடியில் உள்ள பலகை ஆகியவை.

அந்த நீராவியின் பெரும்பகுதி நம் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிறது. உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளிவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் அரை லிட்டருக்கும் மேல் ஆகிறது. இதற்கு மேல் சமையலின் ஆவி, நனைந்த ஜெர்கின், ஈரச் செருப்பு, சோறு வடித்த கஞ்சி என்று சேர்ந்துகொண்டே போகும். எல்.பி.ஜி. எரிவதும் நீரை உண்டாக்கும்; ஒரு கிலோ வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிப்படும். பானையை மூடி வைத்துச் சமைத்தாலும் அடுப்பின் தீயிலிருந்தே ஈரம் வருகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

முதல் வேலை: அளவுமானி

எந்த ஏற்பாட்டையும் தொடங்குவதற்கு முன், ஈரப்பதத்தையும் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது) வெப்பத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் அளவுமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். முடிந்தால் இரண்டு வாங்கி, ஒன்றைத் தலைமாட்டிலும் மற்றொன்றைக் கட்டிலுக்கு அடியிலும் வைக்க வேண்டும். விலை குறைந்த மானிகள் ஐந்து, பத்து விழுக்காடு பிசகிக் காட்டும் என்பதால் வீட்டிலேயே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது; மூடியில் தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது. அந்த மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து மூடிப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் விட்டால், டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். மானி 81 காட்டினால் அது ஆறு கூடுதலாகக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடலாம்.

பகலில் 60 விழுக்காட்டுக்குக் கீழும், இரவில் 70-ஐத் தாண்டாமலும் இருந்தால் போதுமானது. கட்டிலுக்கு அடியில் உள்ள மானி நாள் முழுவதும் 80-க்கு மேல் நின்றால் அந்த இடத்தில் பூஞ்சணம் வரப்போகிறது என்று பொருள்.

மூடுபனியிலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். புதிதாக வருபவர்களிடம் நான் பேசும்போதெல்லாம் வரும் கேள்வி, வெளியே கை நீட்டினால் நனையும் அளவுக்கு மூடுபனி நிற்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடாதா என்பதுதான். கண்ணுக்குத் தெரியும் மூடுபனியைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்பே. கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

வெளியே 10 டிகிரியில் மூடுபனி நிற்கிறது என்று கொள்வோம். அந்தக் காற்றில் கனமீட்டருக்கு 9.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். காற்றில் மிதக்கும் பனித்துளிகளின் எடை பெரும்பாலும் கனமீட்டருக்கு அரை கிராமைக்கூட எட்டுவதில்லை. வேனுக்குள் நம் உடற்சூட்டால் 18 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அங்கே கனமீட்டருக்குப் பன்னிரண்டு கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூடுபனிக் காற்றை உள்ளே விட்டாலும், ஒவ்வொரு கனமீட்டருக்கும் இரண்டரை, மூன்று கிராம் நீர் வெளியே போகிறது. உள்ளே வந்த குளிர்காற்று சூடேறியதும் அதன் ஈரப்பதம் தானாகவே அறுபது விழுக்காட்டின் பக்கம் இறங்கிவிடும்.

டெம்போ டிராவலர் அளவுள்ள வேனில் சுமார் பத்துக் கனமீட்டர் காற்று இருக்கும். இருவர் மணிக்கு 80 கிராம் நீரை விடுகிறார்கள். ஒரு கனமீட்டருக்கு மூன்று கிராம் வெளியேறுகிறது. அப்படியென்றால், மணிக்கு ஏறத்தாழ மூன்று முறை வேனின் காற்று முழுவதும் மாற வேண்டும். ஒரு ஜன்னலை மட்டும் விரல்கடை அளவு திறந்து வைப்பது இதற்குப் போதாது. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். வரும் வழி தாழ்வாக முன்பக்கத்திலும், போகும் வழி உயரமாகப் பின்பக்கத்திலும் அமைந்தால் சூடான ஈரக்காற்று தானே மேலெழுந்து வெளியேறும்.

கூரையில் பொருத்தும் 12 வோல்ட் விசிறி இருந்தால் அதை மிகக் குறைந்த வேகத்தில் வெளியே தள்ளும் திசையில் இரவு முழுவதும் ஓட விடுங்கள். அது இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கணினிக்குள் ஓடும் 120 மில்லிமீட்டர் விசிறியே 12 வோல்ட்டில் இயங்குவதுதான். தடை ஏதும் இல்லாதபோது மணிக்கு 70 கனமீட்டர் அளவுக்குக் காற்றைத் தள்ளும். கொசுவலையும் மழைத்தடுப்பும் பாதியை விழுங்கினாலும் நமக்குத் தேவையான 30 கனமீட்டர் கிடைத்துவிடும். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் விடியும்வரை ஓடினாலும் பேட்டரியில் இரண்டு, மூன்று ஆம்பியர்-மணிதான் குறையும். பின்ஜன்னலின் மேல்பகுதியில் ஒரு பலகையை வெட்டிப் பொருத்தி, அதில் விசிறியைத் திருகி, வெளிப்பக்கம் சாய்வான தகடு ஒன்றை வைத்துவிட்டால் மழைச்சாரல் உள்ளே வராது. முன்கதவுகளுக்குக் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் மழைத்தடுப்பு வைசரைப் பொருத்தினால், கண்ணாடியை இரண்டு செ.மீ. இறக்கி வைத்தாலும் நனையாது.

நீலகிரியில் இதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடிகள் எண்ணெயையும் தின்பண்டத்தையும் தேடி வீடுகளுக்குள் நுழைவது அடிக்கடி நடப்பது. காட்டெருமைகள் வாசலிலேயே நிற்கும். காற்றோட்டம் வேண்டும் என்பதற்காகக் கதவையோ பெரிய ஜன்னலையோ இரவில் திறந்து போடாதீர்கள். திறப்புகள் உள்ளங்கை நுழையாத அளவில் இருக்கட்டும், கம்பி வலையும் இருக்கட்டும். தீனிப் பொருள்கள் அவற்றின் அருகில் இருக்க வேண்டாம்.

சூடாக்குவதில் கவனம்

காற்றோட்டத்தோடு கொஞ்சம் சூடும் இருந்தால் ஈரம் இன்னும் விரைவாக வெளியேறும். எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது நேர்மாறான பலனைத் தரும்; முன்பு சொன்னபடி அது நீரை ஊற்றுவதற்குச் சமம். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. கரித்தணலை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன துயரம் நம் மலைவாழிடங்களில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. உறக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. பார்பெக்யூ அடுப்பு, கரி அடுப்பு, அணைத்துவிட்டதாக நினைக்கும் தணல் எதையும் வேனுக்குள் கொண்டுவரவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்குவதும் அதே ஆபத்தைத்தான் தரும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை எப்படியும் தலைமாட்டுப் பக்கம் மாட்டிவிடுங்கள்.

முகாமில் மின் இணைப்பு கிடைத்தால் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் நல்லது. டீசல் ஹீட்டர் எரிதலை வெளிக்காற்றிலேயே முடித்து, உலர்ந்த சூட்டை மட்டும் உள்ளே தருவதால் ஈரத்துக்கு மிகச் சிறந்த மருந்து அதுவே. ஆனால் உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல் இந்த ஹீட்டர்களுக்கு எரிபொருளின் அளவைக் குறைத்தமைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று போதாமல் கரி படிந்து சில நாள்களில் நின்றுவிடும். வாங்கும்போதே உயரத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

குளிர்ந்த பரப்புகளை மறைத்தல்

காலையில் எழுந்ததும் டார்ச் எடுத்துக் கூரையைப் பாருங்கள். சுற்றியுள்ள பலகை உலர்ந்திருக்கும்போதே ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு துளி முத்தாகத் திரண்டு நிற்கும்; திருகாணிகள் வரிசையாக இருப்பதால் துளிகளும் வரிசையாக நிற்கும். எஃகு மரத்தைவிட முந்நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், வெளித்தகட்டின் குளிர் அந்தத் திருகாணி வழியே நேராக உள்ளே இறங்கிவிடுகிறது. துளிகள் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதுவே.

தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே வைக்க, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் வேண்டும். ஏ.சி. டக்ட் வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் எக்ஸ்.எல்.பி.இ. ஷீட், நைட்ரைல் ரப்பர் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். ஒட்டும் பசையுடனேயே வரும். இடைவெளி இல்லாமல் தகட்டோடு ஒட்டி, இணைப்புகளை அலுமினிய டேப்பால் மூட வேண்டும். இடைவெளி விட்டால் அதற்குப் பின்னால் ஈரக்காற்று போய்ச் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு வளரும். கூரையின் குறுக்குச் சட்டங்களையும் விடாமல் மூடுங்கள், ஏனெனில் பலரும் தட்டையான பகுதிகளை மட்டும் மூடிவிட்டுச் சட்டங்களை விட்டுவிடுகிறார்கள், துளிகள் அங்கேதான் திரளும். கிளாஸ் உல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை நனைந்தால் அது மலையில் உலராது, தகட்டை ஈரத்திலேயே வைத்திருக்கும்.

கண்ணாடிகளுக்கு உட்பக்கத் திரையைவிட வெளிப்பக்க உறை நல்லது. உட்திரை கண்ணாடியை இன்னும் குளிர வைத்து, திரைக்குப் பின்னால் நீரைச் சேர்க்கும். வெளியுறை கண்ணாடியையே குளிராமல் காக்கும். சீட் கவர் தைப்பவரிடம் தார்ப்பாய்த் துணியையும் மெல்லிய ஃபோமையும் சேர்த்து முன்கண்ணாடி அளவில் ஒன்று தைத்துக்கொள்ளலாம்.

மெத்தையும் படுக்கையும்

வேனில் முதலில் கெடுவது மெத்தையின் அடிப்பக்கம். உடற்சூட்டோடு இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. முழுப் பலகைக்குப் பதிலாகச் சட்டங்களை இடைவெளி விட்டு அடியுங்கள். ஏற்கெனவே பலகை இருந்தால் அதில் துளைகள் போட்டு, மேலே தடித்த தென்னைநார்ப் பாய் ஒன்றை விரித்து அதன் மேல் மெத்தையைப் போடுங்கள். நார்களுக்கு இடையே காற்று உலாவும். இலவம்பஞ்சு மெத்தை வீட்டுக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும் மலையில் வேனுக்கு ஏற்றதன்று. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டிவிடும். எழுந்தவுடன் போர்வையை மடிக்காமல் விரித்து விட்டு, மெத்தையை ஒருபக்கமாக நிமிர்த்தி வையுங்கள். வெயில் கண்ட நேரத்தில் கம்பளியை வெளியே போடுங்கள். நீலகிரியில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும் நாள்கள் பல என்பதால் காலை வெயிலை நம்புவதே நல்லது.

சமையலும் நனைந்த துணியும்

கொதிக்கும் வேலைகளை முடிந்தவரை வெளியில், பக்கத்துத் தார்ப்பாய்க் கூரையின் கீழ் செய்யுங்கள். உள்ளேதான் செய்ய வேண்டுமென்றால் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு அடுப்பை மூட்டி, அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். சோற்றுக்கு, கூடலூர்ப் பக்கமும் கேரளத்திலும் பலர் வைத்திருக்கும் தெர்மல் ரைஸ் குக்கர் மிகவும் உதவும். சில நிமிடம் கொதித்ததும் பானையை அதற்குள் இறக்கி மூடிவிட்டால், மீதி வேக்காடு தீயும் ஆவியும் இல்லாமல் முடிந்துவிடும்.

நனைந்த ஜெர்கினும் செருப்பும் படுக்கைப் பக்கம் வரவே கூடாது. பின்கதவை ஒட்டி ஒரு வாளியும் கொக்கியும் வைத்து, சொட்டுவது சொட்டி முடியும்வரை அங்கேயே நிறுத்துங்கள். துவைத்த துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். உதகையிலும் குன்னூரிலும் உலர்த்தித் தரும் சலவைக் கடைகள் இருக்கின்றன.

காலை எழுந்ததும் கண்ணாடிகளை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, துணியை வெளியே பிழியுங்கள். உள்ளே காயப்போட்டால் துடைத்ததன் பயனே இல்லை. பிறகு எதிரெதிர்க் கதவுகளைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் இரவின் காற்று முழுவதும் மாறிவிடும்.

ஈர உறிஞ்சிகளை எவ்வளவு நம்பலாம்

அலமாரிக்குள் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு டப்பாக்களையும் சிலிக்கா ஜெல்லையும் வாங்கிக் குவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு எடை நீரைத்தான் பிடிக்கும்; இருவரின் ஓர் இரவு மூச்சுக்கே ஏறத்தாழ இரண்டு கிலோ தேவைப்படும். எனவே இவற்றைக் கேமராப் பெட்டி, ஆவணப் பெட்டி, மருந்துப் பெட்டி போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கால்சியம் குளோரைடு கரைந்த நீர் தகட்டில் சிந்தினால் வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கம்ப்ரெசர் வகை ஈரநீக்கி 15 டிகிரிக்குக் கீழே தன் சுருளிலேயே பனி கட்டித் திணறும்.

வியர்வையா, ஒழுக்கா?

எவ்வளவு காற்றோட்டம் கொடுத்தும் ஒரே இடம் நனைந்துகொண்டே இருந்தால் அது மழை ஒழுக்காக இருக்கலாம். அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, அலுமினியத் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம். தாளுக்குப் பின்பக்கம் நனைந்தால் நீர் வெளியிலிருந்து வருகிறது. ஒழுக்கைத் தேட, ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்க, மற்றவர் வெளியே குழாயால் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நனைத்து வர வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று தெரியாது. கேரியர் போல்ட், பின்விளக்கு, ஜன்னல் ரப்பர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையும் சீகை மரத் (வாட்டில்) துகளும் அடைத்துவிடும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் கதவுக்குள் தேங்கிய நீர் கொட்டுவதைப் பார்க்கலாம்.

எந்தச் சரிவில், எந்த மாதம்

நீலகிரி முழுவதும் ஒரே நேரத்தில் நனைவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கங்களை நனைக்கும்; 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. தொட்டபெட்டா முகட்டுக்குக் கிழக்கே உள்ள கோத்தகிரியும் குன்னூரும் அப்போது ஒப்பீட்டளவில் வறண்டிருக்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது நிலைமை மாறும். தொடர்ந்து மூன்று நாள் வெயிலே காணாமல் வேன் ஓதமேறினால், எந்தக் கருவியையும்விட மறுசரிவுக்கு வண்டியை நகர்த்துவதே பயன் தரும். மழைமறைவில் இருக்கும் மசினகுடிக்கு இறங்கி ஒரு பகல் எல்லாவற்றையும் வெயிலில் விரித்தாலும் போதும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான புல்வெளிகளில் உறைபனி விழும். மேகமில்லாத இரவில் கூரைத்தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே துளிகள் அதிகம் திரள்வது இத்தகைய இரவுகளில்தான். பள்ளத்தைத் தவிர்த்துச் சற்றே மேடான இடத்திலும், முடிந்தால் ஷெட் கூரையின் கீழும் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் மட்டும் மரத்தடியை நாடாதீர்கள். கற்பூர மரங்கள் காற்றில் சாய்வது அங்கே ஆண்டுதோறும் நடப்பது.

ஏறும்போதும் இறங்கும்போதும்

மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரியில் அடைத்த காற்றை உதகைவரை சுமந்து சென்றால், கனமீட்டருக்கு இருபது கிராம் நீராவியோடு ஏறுகிறீர்கள். பர்லியாறு தாண்டிக் குளிர் தொடங்கியதும் கண்ணாடிகளைக் கால் மணி நேரம் இறக்கி வைத்து ஓட்டினால் அந்தக் காற்று வழியிலேயே போய்விடும். இறங்கும்போது இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். மலைக்குளிரில் இருந்த தகடும் கேமராவும் லேப்டாப்பும் சமவெளியின் ஈரக்காற்று பட்டவுடன் வியர்க்கும்; அவற்றைப் பைக்குள் மூடியபடியே வைத்து, வண்டி முழுவதும் சூடேறிய பிறகே திறக்க வேண்டும்.

வீடு வந்ததும் மெத்தை, பாய், திரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் முகக்கவசம் அணிந்து, உலர்ந்த துணியால் தட்டாமல், சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு இடத்தை முற்றிலும் உலர்த்த வேண்டும். ஃபோமுக்குள்ளோ பிளைவுட்டுக்குள்ளோ இறங்கிவிட்ட பூஞ்சணத்தை எந்த மருந்தும் முழுவதும் போக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். வண்டியை ஷெட்டில் நிறுத்தும் மாதங்களிலும் கூரைத் திறப்பை விரல்கடை அளவு திறந்தும், அலமாரிக் கதவுகளை விரித்தும், மெத்தையை நிமிர்த்தியும் வையுங்கள்.